பத்தாயிரம் நாற்காலி, ஆள் எங்கே?

2013 மே மாதம் சிகாகோ நகரம் இரண்டு அறிவிப்புகளைக் கேட்டது. முதலாவது, மேயர் ரஹம் இமானுவேல் சொன்னது: டிபால் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணிக்காக, நகர மையத்தை ஒட்டிய மெக்கார்மிக் பிளேஸ் மாநாட்டு வளாகத்துக்குப் பக்கத்தில், சுமார் 17 கோடியே 30 லட்சம் டாலரில் ஒரு புது அரங்கம் வரப்போகிறது. இரண்டாவது, மே 22ம் தேதி நகரக் கல்வி வாரியம் ஓட்டெடுத்து முடிவு செய்தது: பணமில்லை, பிள்ளைகளும் குறைந்துவிட்டார்கள், எனவே 50 அரசுப் பள்ளிகளுக்குப் பூட்டு. அமெரிக்காவில் ஒரே வீச்சில் இத்தனை பள்ளிகளை ஒரு நகரம் மூடியது அதற்கு முன் நடந்ததில்லை. சுமார் 12,000 பிள்ளைகள் வேறு பள்ளி தேடிப் போனார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினக் குழந்தைகள்.

"இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள், அது வேறு பணம், இது வேறு பணம்" என்று அப்போது பலர் சொன்னார்கள், இப்போதும் சொல்கிறார்கள். அந்த "வேறு பணம்" கதை இந்தப் பதிவில் பின்னால் வருகிறது. முதலில் எளிய கேள்வி. ஒரு காலேஜ் டீம், அதுவும் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த ஒரு காலேஜ் டீம், அதற்கு நகரத்துக்குள் பத்தாயிரம் பேர் உட்காரும் புது அரங்கம் தேவைதானா?

தேவையில்லை. 2013லும் தேவையில்லை. கட்டி முடித்து, ரிப்பன் வெட்டி, வருடங்கள் ஓடிவிட்ட இன்றைக்குப் பார்த்தாலும் தேவைப்பட்டிருக்கவில்லை.

டிபாலை ஏளனமாகப் பேச வேண்டியதில்லை. அது 1898ல் வின்சென்ஷியன் பாதிரியார்கள் தொடங்கிய பல்கலைக்கழகம், அமெரிக்காவிலேயே பெரிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். ஏழைகளுக்காக வாழ்ந்த புனித வின்சென்ட் டி பாலின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. கூடைப்பந்திலும் ஒரு காலத்தில் பெரிய கை. ரே மேயர் என்ற ஒரே மனிதர் 1942 முதல் 1984 வரை, 42 வருடம் பயிற்சியாளராக இருந்து 724 ஆட்டங்களில் ஜெயித்துக் கொடுத்தார். ஜார்ஜ் மைக்கன் என்ற கண்ணாடி போட்ட உயரமான பையனைப் பிடித்து ஆட்டக்காரனாக்கியவர் அவர்தான். 1979ல் மார்க் அகைர் என்ற முதலாண்டு மாணவனை வைத்துக்கொண்டு தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக டிபால் வந்தது. அரையிறுதியில் லாரி பேர்ட் ஆடிய இண்டியானா ஸ்டேட்டிடம் 76-74 என்று இரண்டே புள்ளியில் தோற்றது.

1979ன் அந்தப் புகழை எங்கே சம்பாதித்தது தெரியுமா? லிங்கன் பார்க் வளாகத்துக்குள்ளேயே இருந்த அலும்னி ஹாலில். மொத்தம் 5,308 இருக்கை. அவ்வளவுதான். விடுதியிலிருந்து செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்து போய்விடலாம்.

புகழ் வந்ததும் இடம் போதவில்லை என்று 1980ல் ரோஸ்மாண்ட் என்ற புறநகரில், ஓஹேர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், 17,000 பேருக்கு மேல் உட்காரும் புது அரங்கத்துக்குக் குடிபோனார்கள். அதுதான் பின்னாளில் ஆல்ஸ்டேட் அரீனா என்று பெயர் மாறியது. வளாகத்திலிருந்து சுமார் பதினைந்து மைல். ஜெயித்துக்கொண்டிருந்தவரை கூட்டம் வந்தது. தோற்க ஆரம்பித்ததும் நின்றுவிட்டது. பழைய அலும்னி ஹாலையும் பிறகு இடித்துவிட்டார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பெரிய அரங்கத்துக்குப் போனால் டீம் பெரிதாகும் என்ற பரிசோதனையை டிபால் ஏற்கெனவே ஒரு தடவை செய்து பார்த்துவிட்டது. முடிவு கைமேல் கிடைத்துவிட்டது. அதே மருந்தை இரண்டாம் தடவையும் குடிக்கச் சொன்னார்கள், இந்த முறை பாட்டில் மட்டும் பளபளப்பு.

புது அரங்கம் வேண்டும் என்றவர்களின் முதல் வாதம் தூரம். ரோஸ்மாண்ட் ரொம்ப தூரம், மாணவர்கள் பஸ் பிடித்துப் போக அலுத்துக்கொள்கிறார்கள், அதனால்தான் காலி. இதில் பாதி உண்மை இருக்கிறது. ரோஸ்மாண்டுக்குப் போய்வருவது உண்மையிலேயே தொல்லைதான். ஜனவரி மாத சிகாகோ குளிரில், செவ்வாய்க்கிழமை ராத்திரி, பதினைந்து மைல் போய் சொந்த அணி அடிவாங்குவதைப் பார்க்க எந்த மாணவனுக்கு ஆசை வரும்?

ஆனால் அந்த வாதத்தின் மறுபாதியைப் பாருங்கள். புது அரங்கமும் வளாகத்தில் இல்லையே! லிங்கன் பார்க் நகரத்தின் வடக்கே, மெக்கார்மிக் பிளேஸ் நகர மையத்துக்குத் தெற்கே. நடுவில் நகரத்தின் மையம் முழுவதும் கிடக்கிறது. பதினைந்து மைல் ஐந்தாறு மைலாகக் குறைந்தது, அவ்வளவுதான். மாணவன் இன்னமும் ரயில் ஏற வேண்டும். "மாணவர்களுக்கு அருகில்" என்ற காரணத்துக்காகக் கட்டுவதாக இருந்தால் மாணவர்களுக்கு அருகில் கட்டியிருக்க வேண்டும். மாநாட்டுக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கு அருகில் கட்டிவிட்டு மாணவர்கள் பேரைச் சொன்னால் எப்படி?

இன்னொன்று. நகரத்துக்குள் வர வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் அதற்குச் செலவே தேவைப்பட்டிருக்காது. சிகாகோ புல்ஸ் ஆடும் யுனைடெட் சென்டர் நகரத்துக்குள்தான் இருக்கிறது. அங்கே வந்து பத்து வருடம் வாடகையில்லாமல் ஆடிக்கொள்ளுங்கள் என்று டிபாலைக் கூப்பிட்டதாக அப்போது சிகாகோ பத்திரிகைகள் எழுதின. மைக்கேல் ஜோர்டான் ஆடிய கூடம், வாடகை பூஜ்யம். வேண்டாம் என்றார்கள். ஏன்? சின்ன டீமுக்கு இருபதாயிரம் இருக்கை பெரிசு, காலியாகத் தெரியும், தேதி கிடைக்காது, பெட்டி வருமானம், விளம்பர வருமானம் கைக்கு வராது... காரணங்கள் இருக்கத்தான் செய்யும். ஆனால் சும்மா கிடைப்பதற்கும் 17 கோடி டாலருக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை நியாயப்படுத்த இந்தக் காரணங்கள் போதுமா? காமர்ஸ் முதலாண்டில் வாய்ப்புச் செலவு என்று ஒரு பாடம் வருமே, இதைவிட நல்ல கணக்கு அந்தப் புத்தகத்தில் இருக்காது.

டிபால் ஆடும் பிக் ஈஸ்ட் கூட்டமைப்பில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? மார்க்கெட் பல்கலைக்கழகம் மில்வாக்கியில் பக்ஸ் அணியின் கூடத்தில் வாடகைக்கு ஆடுகிறது. சீட்டன் ஹால் நியூவர்க்கில் ஒரு ஹாக்கி அணியின் கூடத்தில். செயின்ட் ஜான்ஸ் பெரிய ஆட்டங்களை மாடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆடுகிறது. பட்லர் இன்னமும் 1928ல் கட்டிய ஹிங்கிள் ஃபீல்ட்ஹவுஸில்தான் ஆடுகிறது, அந்தப் பழைய கட்டடத்தைக் கோயில் மாதிரி வைத்திருக்கிறது. 2010, 2011 இரண்டு வருடமும் தேசிய இறுதிப் போட்டிக்குப் போன அணி அது. டியூக் ஆடும் கேமரன் கூடம் 1940ல் கட்டியது, பத்தாயிரம் பேர்கூட உட்கார முடியாது. அங்கே டிக்கெட் கிடைக்காமல் மாணவர்கள் கூடாரம் போட்டு வாரக்கணக்கில் காத்துக் கிடக்கிறார்கள்.

இதெல்லாம் வேறு ஊர்க் கதை என்று சொல்வீர்கள். சரி, அதே சிகாகோவுக்கே வரலாம்.

டிபாலின் புது அரங்கம், வின்ட்ரஸ்ட் அரீனா என்ற பெயரில், 2017 அக்டோபரில் திறந்தது. 10,387 இருக்கை. வடிவமைத்தது சீசர் பெல்லியின் நிறுவனம், கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் கோபுரங்களை வடிவமைத்த அதே கை. பார்க்க அழகாகவே இருக்கிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த முதல் சீசனில் டிபால் 11 ஆட்டம் ஜெயித்து 20 தோற்றது. அதே சீசனில், அதே சிகாகோவின் வடகோடியில், இன்னொரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகமான லயோலாவின் அணி தேசியப் போட்டியில் கடைசி நான்கு வரை போனது. 32 வெற்றி, 6 தோல்வி. அவர்களின் ஆன்மிக ஆலோசகரான சிஸ்டர் ஜீன் என்ற கன்னியாஸ்திரி, அப்போது 98 வயது, சக்கர நாற்காலியில் கழுத்துப்பட்டியோடு உட்கார்ந்து உலகத் தொலைக்காட்சியில் எல்லாம் வந்தார். (2025 அக்டோபரில் 106 வயதில் காலமானார்.)

லயோலாவின் சொந்த அரங்கம் எது? வளாகத்துக்குள் இருக்கும் ஜென்டைல் அரீனா. ஐந்தாயிரம் இருக்கைகூட இல்லை. டிபால் 1980ல் "போதவில்லை" என்று தூக்கிப் போட்ட அலும்னி ஹாலைவிடச் சின்னது!

இதற்குப் பிறகும் அரங்கம் வந்தால் டீம் வரும் என்று ஒருவர் சொன்னால் அவரிடம் என்ன பேசுவது?

டீம் நன்றாக ஆடினால் கூட்டம் வரும். கூட்டம் நிரம்பி வழிந்தால் பெரிய இடத்தைப் பற்றி யோசிக்கலாம். டிபாலில் நிலைமை தலைகீழ். பழைய இடத்திலேயே அறிவித்த எண்ணிக்கை ஒன்று, வாசல் தாண்டி உள்ளே போன தலை எண்ணிக்கை வேறு. விற்ற டிக்கெட், இலவசமாகக் கொடுத்த டிக்கெட் எல்லாவற்றையும் கூட்டி அறிவிப்பது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் சகஜம். யாரும் வராத நாற்காலியும் அந்தக் கணக்கில் கைதட்டும். அப்படி ஒரு அணியை வைத்துக்கொண்டு வருங்கால வருகைக் கணக்குப் போட்ட ஆலோசகர்களுக்குத் தனியாகப் பாராட்டு விழா எடுக்கலாம்.

இப்போது அந்த "வேறு பணம்" கதை.

அரங்கத்தின் சொந்தக்காரர் டிபால் இல்லை. மெக்கார்மிக் பிளேஸையும் நேவி பியர் என்ற ஏரிக்கரைச் சுற்றுலாத் தளத்தையும் வைத்திருக்கும் ஒரு பொது நிறுவனம். மெட்ரோபாலிட்டன் பியர் அண்ட் எக்ஸ்போசிஷன் அதாரிட்டி என்று வாய் வலிக்கும் பெயர், ஊரில் சுருக்கமாக மெக்பியர் என்பார்கள். ஹோட்டல் அறை, ரெஸ்டாரண்ட் சாப்பாடு, வாடகைக் கார் இவற்றின் மேல் போடும் வரியைக் காட்டிக் கடன் பத்திரம் வெளியிட்டுச் செலவு செய்யும் அமைப்பு. அரங்கத்துக்கு டிபால் கடைசியில் கொடுத்தது 8 கோடியே 25 லட்சம் டாலர், ஏறக்குறைய பாதி. மிச்சம் மெக்பியர் தலையில்.

இதோடு டிஃப் பணம் என்று ஒன்று வந்தது. டாக்ஸ் இன்க்ரிமென்ட் ஃபைனான்சிங். இதைப் புரிந்துகொள்ளாமல் சிகாகோ அரசியலைப் புரிந்துகொள்ளவே முடியாது, எனவே கொஞ்சம் பொறுமை. நகரத்தில் ஒரு பகுதியைப் பின்தங்கிய பகுதி என்று அறிவிக்கிறார்கள். அந்த நாளில் அங்குள்ள சொத்துகளின் வரி மதிப்பு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 100 அப்படியே உறைந்துவிடும். இல்லினாய் மாநிலச் சட்டப்படி 23 வருடத்துக்குப் பள்ளி, நூலகம், பூங்கா எல்லாவற்றுக்கும் அந்தப் பகுதியிலிருந்து 100ன் மேல்தான் வரி கிடைக்கும். மதிப்பு 160 ஆனால், கூடின 60ன் மேல் வரும் வரி ஒரு தனி உண்டியலில் விழும். அந்த உண்டியலிலிருந்து அந்தப் பகுதியின் வளர்ச்சிக்குச் செலவழிக்கலாம். சாவி பெரும்பாலும் மேயர் கையில்.

சிகாகோவில் சொத்து வரியில் பாதிக்கு மேல் பள்ளிகளுக்குப் போக வேண்டியது. அப்படியானால் டிஃப் உண்டியலில் விழும் ஒவ்வொரு டாலரிலும் பாதி பள்ளியின் வாசலைத் தாண்டி வந்த பணம்தான். பள்ளிகள் தங்கள் வரி விகிதத்தை உயர்த்தி ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று விளக்கம் சொல்வார்கள். அதாவது மீதி ஊர்க்காரன் கூடக் கட்டுவான். இப்போது சொல்லுங்கள், அது வேறு பணமா?

மெக்கார்மிக் திட்டத்துக்கு ஒதுக்குவதாகச் சொன்ன டிஃப் தொகை 5 கோடியே 50 லட்சம் டாலர். முதலில் அரங்கத்துக்கும் சேர்த்து என்றார்கள். டிபாலுக்கா வரிப்பணம் என்று கூச்சல் கிளம்பியதும் அரங்கத்துக்கு இல்லை, பக்கத்தில் வரும் மாரியட் மார்க்கீஸ் ஹோட்டலுக்கு என்றார்கள். 1,205 அறை ஹோட்டல். சரி, அதோடு முடிந்ததா? 2017ல் பெட்டர் கவர்ன்மென்ட் அசோசியேஷன் என்ற கண்காணிப்பு அமைப்பு புலனாய்வு செய்து வெளியிட்டது: அந்த 5 கோடியே 50 லட்சமும் கணக்குப் புத்தகத்தில் ஹோட்டல் வழியாக நுழைந்து, சுற்றிவந்து, நேவி பியரை அழகுபடுத்தும் வேலைக்குப் போய்விட்டது. நேவி பியர் அந்த டிஃப் பகுதியிலேயே இல்லை. பணத்துக்கு வாசனை கிடையாது என்பார்கள். சிகாகோவில் அதற்கு முகவரியும் கிடையாது போலிருக்கிறது.

ஒரு பள்ளி எதற்கு மூடப்பட்டது? கட்டடத்தில் இருக்கை அதிகம், பிள்ளை குறைவு, "பயன்பாடு போதவில்லை" என்ற காரணத்துக்காக. வகுப்பறையில் காலி பெஞ்ச் இருந்தால் பள்ளியைப் பூட்டும் நகரம், பதினேழாயிரம் இருக்கை அரங்கத்தைக் காலியாக வைத்திருந்த டீமுக்கு இன்னும் பத்தாயிரம் இருக்கை கட்டிக் கொடுத்தது. ஒரே அளவுகோலை இரண்டு இடத்திலும் வைத்திருந்தால் முதலில் பூட்டியிருக்க வேண்டியது எதை? மெக்கார்மிக் பிளேஸுக்குத் தெற்கே, கறுப்பின மக்களின் பழைய பேட்டையான ப்ரான்ஸ்வில்லில் இருந்த ஓவர்ட்டன் தொடக்கப் பள்ளியும் அந்த 50ல் ஒன்று. சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வுக் குழு 2018ல் வெளியிட்ட அறிக்கை, இடம் மாறிய பிள்ளைகளின் படிப்பு, முக்கியமாகக் கணக்குப் பாடம், பல வருடம் பின்தங்கியது என்று சொன்னது.

சரி, அரங்கம் வந்தால் ஊருக்கு வருமானம் வருமே? கடை கண்ணி பெருகுமே? வேலை கிடைக்குமே? இது எல்லா ஊரிலும் எல்லா அரங்கத்துக்கும் சொல்லும் ஸ்லோகம். இதைச் சோதித்துப் பார்ப்பதையே வாழ்க்கையாக வைத்திருந்த ராபர்ட் பாடே என்ற பொருளாதாரப் பேராசிரியர் சிகாகோவுக்கு வடக்கே லேக் ஃபாரஸ்ட் கல்லூரியில்தான் பாடம் நடத்தினார். டெனிஸ் கோட்ஸ், பிராட் ஹம்ஃப்ரீஸ் போன்றவர்களும் பல வருடம் தரவுகளை அலசினார்கள். வலதுசாரி, இடதுசாரி பேதமில்லாமல் பொருளாதாரக்காரர்கள் ஒத்துப்போகும் அபூர்வமான விஷயங்களில் இது ஒன்று: விளையாட்டு அரங்கத்தில் கொட்டும் பொதுப் பணம் ஊர் வருமானத்தைக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு உயர்த்துவதில்லை.

காரணம் சிக்கலானதல்ல. ஒரு குடும்பம் மாதத்துக்கு வெளியே செலவழிக்க 200 டாலர் ஒதுக்குகிறது. ஆட்டத்துக்குப் போனால் அங்கே செலவழிக்கும், போகாவிட்டால் வீட்டுப் பக்கத்து பீட்சா கடையில், சினிமாவில் செலவழிக்கும். பணம் இடம் மாறுகிறது, பெருகுவதில்லை. அதுவும் காலேஜ் டீம் ஒரு சீசனில் சொந்த ஊரில் ஆடுவது பதினாறு, பதினெட்டு நாள். மிச்ச நாளெல்லாம்? கச்சேரி, பட்டமளிப்பு, மாநாடு. இவற்றுக்கெல்லாம் சிகாகோவில் ஏற்கெனவே இடமே இல்லாமல் இருந்ததா என்ன?

இந்த இடத்தில் விவரம் தெரிந்த ஒருவர் கை தூக்குவார். "டிபால் சோப்ளாங்கி டீம், அதை வைத்துப் பேசாதீர்கள். நல்ல டீமுக்குக் கட்டினால்?" நியாயமான கேள்வி. அதற்கும் ஒரு ஊர் பதில் வைத்திருக்கிறது, கென்டக்கி மாநிலத்தின் லூயிவில்.

லூயிவில் பல்கலைக்கழக அணிக்குக் கூட்டப் பஞ்சமே கிடையாது. 1956 முதல் ஃப்ரீடம் ஹால் என்ற கூடத்தில் ஆடிக்கொண்டிருந்தது, சுமார் 19,000 இருக்கை. 1980, 1986 இரண்டு முறை தேசிய சாம்பியன். காஷியஸ் கிளே என்ற உள்ளூர்ப் பையன், பின்னாளில் முகமது அலி, தன் முதல் தொழில்முறைக் குத்துச்சண்டையை 1960ல் போட்டது அந்தக் கூடத்தில்தான். கூடம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் டவுன்டவுனில் ஆற்றங்கரையில் புதிதாக வேண்டும் என்றார்கள், சொகுசுப் பெட்டிகளோடு. 2010ல் கேஎஃப்சி யம் சென்டர் திறந்தது. 22,000 இருக்கை. கட்டுமானம் 23 கோடியே 80 லட்சம் டாலர், வாங்கிய கடன் பத்திரம் 34 கோடியே 90 லட்சம்.

டீமுக்கு லாபம் கொட்டியது. அமெரிக்காவின் அதிக மதிப்புள்ள கல்லூரிக் கூடைப்பந்து அணி என்று ஃபோர்ப்ஸ் பத்திரிகை அதை முதலிடத்தில் வைத்தது. அதே நேரத்தில் அரங்கத்தின் கடனோ மூச்சுத் திணறியது. இங்கேயும் நம்பியது டிஃப் பணத்தைத்தான், அது எதிர்பார்த்த அளவு வரவில்லை. பத்திரங்களின் தரமதிப்பீடு ஜங்க் நிலைக்குச் சரிந்தது. 2017ல் மாநிலச் சட்டமன்றம் கூடி, வரி எடுக்கும் காலத்தை 2054 வரை நீட்டித்தது. நகர நிர்வாகம் வருடாவருடம் பெரிய தொகை கட்ட வேண்டியதாயிற்று. பல்கலைக்கழகமும் ஆண்டுக்கு சுமார் 24 லட்சம் டாலர் கூடுதலாகக் கொடுக்கச் சம்மதித்தது, அதுவும் நெருக்கிய பிறகு. பிறகு டீமும் விழுந்தது. 2013ல் வாங்கிய பட்டத்தை ஊழல் காரணமாக 2018ல் பிடுங்கிக்கொண்டார்கள். 2022-23 சீசனில் 4 வெற்றி, 28 தோல்வி. அரங்கத்துக்குப் பெயர் கொடுத்த கேஎஃப்சி கம்பெனியே தன் அமெரிக்கத் தலைமையகத்தை டெக்சாஸுக்கு மாற்றுவதாக 2025ல் அறிவித்தது. ஆட்டக்காரர், பயிற்சியாளர், கம்பெனி எல்லோரும் ஊரைவிட்டுப் போகலாம். 2054 வரை போக முடியாதது வரி கட்டுகிறவன் மட்டும்தான்.

எனவே மோசமான டீமுக்கு அரங்கம் கட்டினால் நாற்காலி காலி, நல்ல டீமுக்குக் கட்டினால் கஜானா காலி. லூயிவில்லில் லாபம் எந்தப் பக்கம், ஆபத்து எந்தப் பக்கம் என்று பிரித்து எழுதிப் பாருங்கள். டிக்கெட், பெட்டி, விளம்பரத்தில் நல்ல பங்கு டீமுக்கு. வரி வராமல் போகும் ஆபத்து ஊருக்கு. எந்த வியாபாரி இப்படிக் கூட்டு வைப்பான்?

சிகாகோவில் நடந்ததைச் சொல்லி முடிக்கலாம். வின்ட்ரஸ்ட் அரீனாவுக்கு ஆதரவாகச் சொல்ல நேர்மையாக ஒன்று இருக்கிறது. அது பெண்கள் கூடைப்பந்து. டிபாலின் பெண்கள் அணி, டக் ப்ரூனோ என்ற பயிற்சியாளரின் கீழ் வருடக்கணக்காக ஆண்கள் அணியைவிட எவ்வளவோ நன்றாக ஆடியது, ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது வளாகத்தில் சுமார் மூவாயிரம் பேர் உட்காரும் சின்னக் கூடம். புது அரங்கத்தில் அவர்களும் ஆடுகிறார்கள். 2018ல் சிகாகோ ஸ்கை என்ற தொழில்முறைப் பெண்கள் அணியும் அங்கே வந்தது, 2021ல் அதே அரங்கத்தில் சாம்பியன் ஆனது. அன்று அந்த இடம் நிறைந்திருந்தது. ஆனால் இந்தக் காரணத்தை 2013ல் யாரும் தலைப்பாகச் சொல்லவில்லை. சொன்னது முழுக்க டிபால் ஆண்கள் அணிப் பெருமை. அந்த ஸ்கை அணியே 2025ல் கூட்டம் அதிகம் வரும் இரண்டு ஆட்டங்களை யுனைடெட் சென்டருக்கு மாற்றிக்கொண்டது. நிரப்பக்கூடியவர்களுக்கு அரங்கம் சின்னது, நிரப்ப முடியாதவர்களுக்குப் பெரியது!

ஆண்கள் அணி? தேசியப் போட்டிக்கு டிபால் 2004ல் போனது. புது அரங்கத்தில் எட்டு சீசன் ஆடி 2025 வரையிலும் மறுபடி போகவில்லை. 2023-24 சீசனில் 3 வெற்றி, 29 தோல்வி. பிக் ஈஸ்ட் கூட்டமைப்புக்குள் ஆடிய 20 ஆட்டத்திலும் தோல்வி, ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. நடு சீசனில் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்த 8 கோடியே 25 லட்சம் டாலரை இன்னொரு விதமாகப் பார்க்கலாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தங்கள் மூலதன நிதியிலிருந்து வருடத்துக்கு நான்கு, ஐந்து சதவீதம் எடுத்துச் செலவழிப்பது வழக்கம். நான்கு சதவீதம் என்றே வைத்தாலும் வருடத்துக்கு 33 லட்சம் டாலர். ஆளுக்கு 33,000 டாலர் என்றால் 100 மாணவர்களுக்கு உதவித்தொகை. ஒரு வருடத்துக்கு இல்லை, மூலதனம் கரையாமல் எல்லா வருடமும். வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் நிறையப் படிக்கும் பல்கலைக்கழகம் அது. "அரங்கத்துக்கு மாணவர் கட்டணத்தைத் தொடவில்லை, நன்கொடையிலும் பெயர் உரிமையிலும் வந்தது" என்று இந்த மாதிரித் திட்டங்களில் எப்போதும் சொல்வார்கள். ரூபாய் நோட்டில் இது கட்டணம், இது நன்கொடை என்று எழுதியிருக்காது. நன்கொடையாளரிடம் எதற்காகக் கை நீட்டுவது என்பதும் ஒரு தேர்வுதான். 2025ல் வெளிநாட்டு மாணவர் சேர்க்கை சரிந்ததும் இதே டிபால் செலவைக் குறைக்க வேண்டும் என்று அறிவித்தது. எம்.எஸ். படிக்க அங்கே போக நினைக்கிறவர்கள் ஆளெடுப்பும் செலவும் எங்கே நிற்கிறது என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. டிபால் இப்போது சுமார் 6 கோடி டாலரில் இன்னொரு கூடைப்பந்துக் கட்டடத்துக்குத் திட்டம் போட்டு நன்கொடை திரட்டி வருகிறது. ஆட்டக்காரர்கள் பயிற்சி செய்ய நல்ல இடம் வேண்டுமாம், அது இருந்தால்தான் நல்ல பையன்கள் வந்து சேர்வார்களாம், டீம் ஜெயிக்குமாம். எங்கே கட்டப்போகிறார்கள்? மெக்கார்மிக் பிளேஸில் இல்லை. லிங்கன் பார்க் வளாகத்தில், அலும்னி ஹாலை விட்டுவிட்டு 1980ல் கிளம்பிப் போன அதே பேட்டையில்.